காசைத் தொட்டால்தான் குற்றமா?

ஒரு நீதிபதியைப் பதவி நீக்க அரசமைப்புச் சட்டத்தின் 124(4) பிரிவு சொல்லும் காரணங்கள் இரண்டே இரண்டு: நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, இயலாமை. எது தவறான நடத்தை? அரசமைப்பிலும் விளக்கம் இல்லை, 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டத்திலும் இல்லை. அப்படியானால் நாடாளுமன்றம் எதைக் குற்றமாக எண்ணியது என்று பார்ப்போம்.

1993-இல் வி. ராமசாமி: அரசு இல்லத்துக்குப் பொருட்கள் வாங்கியதில் முறைகேடு. மக்களவையில் காங்கிரஸ் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் தப்பினார். 2011-இல் சௌமித்ர சென்: பணக் கையாடல். மாநிலங்களவை தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்களவைக்கு வருமுன் ராஜினாமா செய்தார். இரண்டுமே காசு விவகாரம்.

சாதி விவகாரம் என்ன ஆனது? 2015-இல் குஜராத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.பி. பர்திவாலா, ஹர்திக் படேல் வழக்கில், நாட்டைக் கெடுத்தவை இடஒதுக்கீடும் ஊழலும்தான் என்ற பொருளில் எழுதினார். மாநிலங்களவை உறுப்பினர்கள் 58 பேர் பதவி நீக்கம் கோரி மனு கொடுத்தார்கள். அந்த வரிகள் நீக்கப்பட்டன. அத்தோடு கதை முடிந்தது. 2022-இல் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்.

வரியை அழித்துவிட்டார்கள். அதை எழுத வைத்த எண்ணத்தை யார் விசாரித்தது?

"தீர்ப்புக்காக நீதிபதியை நீக்கினால் நீதித்துறையின் சுதந்திரம் என்னாவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். தவறான தீர்ப்புக்கு மருந்து மேல்முறையீடு. தீர்ப்புக்காக நீக்கலாம் என்றால் நமக்கு நியாயம் சொல்லும் நீதிபதிதான் முதலில் பலியாவார். ஆனால் அது தேசத்துரோக வழக்கு. இடஒதுக்கீடு சரியா தவறா என்று அங்கே யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. விருப்பு வெறுப்பின்றிக் கடமை செய்வேன் என்று உறுதிமொழி எடுத்தவர், கேட்காத இடத்தில் ஒரு மக்களின் உரிமையை ஊழலோடு சேர்த்துப் பேசினால், அந்த உறுதிமொழிக்கு என்ன பொருள்? கருவூலத்தில் கைவைப்பது தவறான நடத்தை என்றால், சமத்துவத்தில் கைவைப்பதும் தவறான நடத்தைதான். இதை 1968 சட்டத்திலேயே எழுத வேண்டும்.

பதவி நீக்க நடவடிக்கையைத் தொடங்க மக்களவையில் 100 கையெழுத்து போதும். பட்டியல் சாதியினருக்கு 84, பழங்குடியினருக்கு 47 என, தனித் தொகுதிகளிலிருந்து மட்டும் 131 பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கட்சிக் கொறடாவின் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் பேனாவை எடுத்தால் வேறு யார் தயவும் தேவையில்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது கேளுங்கள்: அந்தப் பேனா எங்கே?