ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்பது பொய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போய்ப் பை நிறையக் காய் வாங்கி வருவது, வந்ததும் எல்லாவற்றையும் பாலிதீன் பையோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் திணிப்பது, இனி ஒரு வாரத்துக்குக் கவலையில்லை என்று இருப்பது. நகரமோ கிராமமோ, பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடைமுறை. இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: குளிரில் வைத்தால் எந்தக் காயும் கெடாது. இந்த நம்பிக்கை தவறு. தினமும் நம் வீட்டுக் காய்களை இதுவே கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது, தண்ணீரை இழக்கிறது. குளிரில் சுவாசம் மெதுவாகும், ஆயுள் கூடும். அது வரைக்கும் சரி. ஆனால் எவ்வளவு குளிர் தாங்கும் என்பது காய்க்குக் காய் மாறும். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், காலிஃபிளவர் போன்றவை குளிர்ப்பிரதேசப் பயிர்கள். உறைநிலைக்குச் சற்று மேலே வைத்தாலும் நன்றாக இருக்கும். கத்தரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி, பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாம் வெயிலில் வளர்ந்தவை. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் அவற்றின் செல் சவ்வுகள் பழுதாகும். வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே இருப்பதோ சுமார் 4 டிகிரி.

ஒரு வாரம் ஃபிரிட்ஜில் கிடந்த கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோலில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருக்கும். காம்புத் தொப்பி கறுத்திருக்கும். நறுக்கினால் உள்ளே விதைகளும் அவற்றைச் சுற்றிய சதையும் பழுப்பேறியிருக்கும். இந்தக் காயத்தை உண்டாக்கியது குளிர். அழுகல் கிருமிகள் பிறகுதான் அந்தக் குழிகள் வழியாக உள்ளே புகுகின்றன. இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. குளிரில் இருக்கும்வரை காயம் அவ்வளவாக வெளியே தெரியாது. எடுத்து மேடையில் வைத்த பிறகு வேகமாகத் தெரியும். உடனே வீட்டில் உள்ளவர்கள், “பார்த்தியா, வெளியில வெச்சதும் கெட்டுப்போச்சு” என்பார்கள். குற்றம் செய்த ஃபிரிட்ஜ் தப்பித்துக்கொள்ளும்.

தக்காளிக்கு நேர்வது இன்னும் நுட்பமானது. அழுகாமல் சிவப்பாகவே இருக்கும், ஆனால் மணம் போய்விடும். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதற்குக் காரணம் காட்டினார்கள். தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தபோது, மணம் தரும் பொருள்களை உண்டாக்கும் மரபணுக்களின் வேலை ஒடுங்கியது. திரும்ப வெளியில் வைத்தும் அந்த மணம் முழுதாகத் திரும்பவில்லை. ரசத்தில் மணமே இல்லை என்று ரகத்தைக் குறை சொல்கிறோம். ரகத்தின்மேலும் பழி உண்டுதான். பாதிப் பழி ஃபிரிட்ஜின்மேல் விழ வேண்டும்.

உருளைக்கிழங்கு குளிரில் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். வறுத்தால் சீக்கிரம் கருகும். அதைக் காக்க இருட்டும் காற்றும் போதும். வெளிச்சம் பட்டால் பச்சையேறி நஞ்சு சேரும். வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஈரமே எதிரி. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காய விவசாயிகள் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் இருப்பு வைக்கிறார்கள். குளிர்சாதனம் இல்லாமல் அவர்கள் காக்கும் வெங்காயத்தை நாம் ஃபிரிட்ஜில் வைத்துப் பூஞ்சை பிடிக்க விடுகிறோம்.

வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் கழுவி, ஈரத்தோடு பையில் போட்டு இறுக முடிவது அடுத்த தவறு. காய் விடும் நீராவி வெளியேற வழியில்லாமல் பைக்குள் முத்து முத்தாகக் கோர்க்கும். அங்கேதான் அழுகல் தொடங்கும். கொத்தமல்லியில் அழுகிய இலைகளைப் பொறுக்கிவிட்டு, வேரோடு ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி வையுங்கள். பச்சைமிளகாயைக் காம்பு கிள்ளி, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். கழுவுவதைச் சமைக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

பழுத்த வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள், தக்காளி எல்லாம் எத்திலீன் வாயுவை வெளியிடும். 1901-ல் ரஷ்ய விஞ்ஞானி நெல்யூபோவ், இந்த வாயு செடிகளின் வளர்ச்சியை மாற்றுவதைக் கண்டறிந்தார். இந்தப் பழங்களோடு ஒரே தட்டில் வைத்த கீரை சீக்கிரம் மஞ்சளாகும். எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் அடைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

“வேலைக்குப் போகிறோம், தினமும் சந்தைக்குப் போக நேரம் எங்கே?” என்பது நியாயமான கேள்வி. சமையல் சுமை பெண்கள் தலையில் விழும் வீடுகளில் ஃபிரிட்ஜ் பெரிய உதவி. அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நறுக்கிய காயும் சமைத்த உணவும் மாவும் கட்டாயம் அதில்தான் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நன்கு பழுத்த தக்காளியை, குளிர் குறைந்த கதவுத் தட்டில் இரண்டு மூன்று நாள் வைப்பதிலும் தப்பில்லை. வாரத்துக்கு ஒருமுறைதான் வாங்க முடியும் என்றால் சமைக்கும் வரிசையை மாற்றுங்கள். கீரை, வெண்டை, கத்தரி முதல் மூன்று நாளில் முடியட்டும். கேரட், கோஸ், பீட்ரூட், முழுப் பூசணி, சேனை கடைசிக்கு இருக்கட்டும். பூசணியும் சேனையும் ஃபிரிட்ஜே கேட்காமல் மூலையில் கிடக்கும்.

வறண்ட ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே மணல் நிரப்பித் தண்ணீர் தெளிக்கும் மின்சாரமில்லாத குளிர் அறையை உருவாக்கியிருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் குறையும். கத்தரிக்கும் வெண்டைக்கும் ஃபிரிட்ஜைவிட ஏற்ற குளிர் கிடைக்கும். கடலோரப் புழுக்கத்தில் இது அவ்வளவாக எடுபடாது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இதில் நம் கீழ்த்தட்டின் பங்கும் உண்டு. ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்ற தைரியம்தான் தேவைக்கு மேல் வாங்க வைக்கிறது. 1999-ல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோது, விவசாயி பறித்த காய் இடைத்தரகர் இல்லாமல் வீட்டுக்கு வர வழி பிறந்தது. அப்படி வந்த காயை எட்டு நாள் குளிரில் வதைத்துத் தின்பது விவசாயியின் உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

கொழகொழத்த வெண்டைக்காயைக் குப்பையில் போடும்போது, தள்ளுவண்டிக்காரரைத் திட்டுவதை முதலில் நிறுத்துவோம். அவர் நல்ல காயைத்தான் தந்தார். அதைக் கெடுத்தது நாம் வைத்த இடம்.