மண்டையோட்டை எதைக்கொண்டு மூடுவது?

மூளை வீங்கி உயிருக்கு ஆபத்து நேரும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியை அறுத்தெடுக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் அந்தப் பள்ளத்தை எதைக்கொண்டு மூடுவது? விலை உயர்ந்ததே நல்லது என்று நம்பிக் குடும்பங்கள் கடன் வாங்கத் துணிவது வேதனை.

சொந்த எலும்பு இருந்தால் பலரும் முதலில் அதைத்தான் நாடுவார்கள். உறைகுளிரிலோ, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலோ அதைப் பத்திரப்படுத்துவார்கள். செலவு குறைவு, பொருத்தமும் கச்சிதம். ஆனால் திரும்ப வைத்த எலும்பை உடலே கரைத்துவிடலாம்; குழந்தைகளிடம் இந்த ஆபத்து அதிகம்.

1940களிலிருந்து புழங்கும் அக்ரிலிக் சிமென்ட் மலிவானது. பொடியையும் திரவத்தையும் குழைத்தால் மாவுபோல் திரண்டு, சில நிமிடங்களில் சூடேறி இறுகும். அந்தச் சூடு மூளையைத் தாக்காதபடி உப்புநீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள்.

டைட்டானியம் உறுதியானது, ஆனால் ஸ்கேன் படத்தைக் கொஞ்சம் கெடுக்கும். 'பீக்' எனும் பிளாஸ்டிக்கை சிடி ஸ்கேன் அளவுப்படி கச்சிதமாக வடிக்கலாம், ஸ்கேனுக்கும் இடைஞ்சலில்லை. ஆனால் விலை அதிகம். எலும்போடு எளிதில் ஒட்டாது. தொற்று அபாயமோ எல்லாவற்றுக்கும் உண்டு.

வயது, பள்ளத்தின் அளவு, தோலின் நிலை, ஒவ்வொரு பொருளின் குறை, விலை எல்லாவற்றையும் குடும்பத்தாரிடம் விளக்கிய பிறகே மருத்துவர்கள் கையெழுத்துக் கேட்க வேண்டும்.