கிளஸ்டர் விழுந்தால் முதலில் நெட்வொர்க்கையா பார்ப்பது?

கிளஸ்டர் படுத்துவிட்டது என்று நள்ளிரவில் ஃபோன் வந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், பிங் அடித்துப் பார்ப்பது. பதில் வராவிட்டால் நெட்வொர்க் டீமை எழுப்புவோம். அவர்கள் சுவிட்ச் போர்ட்டைப் பார்த்துவிட்டு "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்பார்கள். நாம் நம்ப மாட்டோம். கேபிளை மாற்றச் சொல்வோம், விலானைச் சரிபார்க்கச் சொல்வோம். விடியும்வரை இதே பேச்சுதான்.

விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் இப்படி நெட்வொர்க் மேல் பழி விழும் பல கோளாறுகளுக்கு மூலம், ஆக்டிவ் டைரக்டரியில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் ஒரு கணக்கு.

விண்டோஸ் சர்வர் 2003 வரை கிளஸ்டர் சர்வீஸ் ஒரு டொமைன் யூசர் கணக்கில்தான் ஓடியது. பாஸ்வேர்டு காலாவதியானால் தொல்லை. ஆனாலும் அப்படி ஒரு கணக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும், கையேட்டில் எழுதியிருக்கும். 2008 பதிப்பில் அது மாறியது. சர்வீஸ் அந்தந்த நோடின் லோக்கல் சிஸ்டத்தில் ஓடத் தொடங்கியது. கிளஸ்டரின் பெயரே டைரக்டரியில் ஒரு கணினிக் கணக்கானது. அதுதான் சி.என்.ஓ. எஸ்.க்யூ.எல். லிசனர், ஃபைல் சர்வர் என்று நாம் சேர்க்கும் ஒவ்வொரு பெயருக்கும் சி.என்.ஓ. தானே வி.சி.ஓ. என்னும் இன்னொரு கணினிக் கணக்கை உருவாக்கிக்கொள்ளும். பாஸ்வேர்டையும் கிளஸ்டரே மாற்றிக்கொள்ளும். வேலை மிச்சமானது, கூடவே அந்தக் கணக்குகளின் நினைப்பும் நமக்கு விட்டுப்போனது.

பிறகு ஒரு நாள் டைரக்டரி டீம் பழைய கணக்குகளைக் களையெடுக்கிறது. கிளஸ்டர் கணக்கின் பெயரில் சொத்துப் பட்டியலில் பெட்டி எதுவும் இல்லை, கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. டிசேபிள் செய்துவிடுகிறார்கள். அன்றைக்கு எதுவும் நடக்காது. ஏற்கெனவே ஆன்லைனில் இருக்கும் பெயர் ஆன்லைனிலேயே இருக்கும், அப்ளிகேஷனும் ஓடும். வாரங்கள் கழித்து பேட்ச் போடும் இரவில் ரோலை அடுத்த நோடுக்கு மாற்றும்போது, நெட்வொர்க் நேம் ரிசோர்ஸ் தன் கணக்கை வைத்து டொமைனில் நுழையப் பார்க்கும், முடியாது. ஈவென்ட் 1207 விழும், பின்னாலேயே 1069, 1205. பெயரை நம்பியிருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வரும் எழாது.

பேட்ச் போட்டவர் பார்வையில் இது என்ன? அந்த நோடில் ஓடிக்கொண்டிருந்தது, இந்த நோடில் ஓடவில்லை. ஆகவே இந்த நோடின் நெட்வொர்க் கார்டு. அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் ரோலைப் பழைய நோடுக்கே திருப்பிப் பாருங்கள். அங்கும் எழவில்லை என்றால் கார்டையும் கேபிளையும் விட்டுவிட்டு டைரக்டரியைத் திறக்க வேண்டியதுதான். கணக்கு இருக்கிறதா, எனேபிள் ஆகியிருக்கிறதா, முன்பிருந்த ஓ.யு.விலேயே இருக்கிறதா?

கணக்கை அழித்தே விட்டிருந்தால் அதே பெயரில் புதிதாக ஒன்றைக் கையால் உருவாக்காதீர்கள். கிளஸ்டர் நினைவில் வைத்திருப்பது பழைய கணக்கின் அடையாள எண்ணை. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டு, பிறகு கிளஸ்டர் மேனேஜரில் ரிப்பேர் கொடுங்கள். சி.என்.ஓ.வை ரிப்பேர் செய்பவருக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ரீசெட் செய்யும் உரிமை இருக்க வேண்டும். அது டொமைன் டீமிடம் இருக்கும், அந்த நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஈவென்ட் 1194 இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. புதிய லிசனர் சேர்க்கும்போது வரும். சி.என்.ஓ.வுக்கு அந்த ஓ.யு.வில் கணினிக் கணக்கு உருவாக்கும் அனுமதி இல்லை என்பதே பொருள். இயல்புநிலை கம்ப்யூட்டர்ஸ் கன்டெய்னரில் பத்துக் கணக்குகள் வரை தனி அனுமதி இல்லாமலே உருவாகும். பதினொன்றாவதில் நிற்கும்போது, "இத்தனை நாள் வந்ததே" என்று நாம் ஃபயர்வாலைச் சந்தேகிப்போம்.

பாதுகாப்பு டீமின் குரூப் பாலிசி இன்னொரு வகை. 2012 பதிப்பிலிருந்து நோடுகள் தமக்குள் பேசிக்கொள்ள சி.எல்.ஐ.யூசர் என்ற லோக்கல் கணக்கு வந்தது. லோக்கல் கணக்குகள் எதுவும் நெட்வொர்க் வழியாக நுழையக் கூடாது என்று மொத்தமாகத் தடை போட்டால் அதற்கும் சேர்த்தே கதவு அடைபடும். ரீஸ்டார்ட் ஆன நோடு கிளஸ்டரில் சேராமல் நிற்கும், பிங் மட்டும் அழகாகப் போகும். தடையை அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் உள்ள லோக்கல் கணக்குகளுக்கு மட்டும் போட்டாலே போதும். 2019-ல் மைக்ரோசாஃப்ட் நோடுகளுக்கிடையே சான்றிதழைக் கொண்டுவந்தது. ஆனால் 2016 நம் ஊர் டேட்டா சென்டர்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நெட்வொர்க்கே காரணமாகும் நேரமும் உண்டு, மறுக்கவில்லை. 1135 வந்தால் நோடுகளுக்கிடையே யு.டி.பி. 3343 வழியாகப் போகும் ஹார்ட்பீட் நின்றிருக்கிறது. 2012 ஆர்2-வில் ஒரே சப்நெட்டில் ஐந்து வினாடி மௌனம் போதும், நோடு வெளியே. 2016-ல் அது பத்து வினாடியானது. அங்கேயும் சுவிட்சைத் தொடுமுன் அந்த நேரத்தில் வி.எம். ஸ்நாப்ஷாட் பேக்கப் ஓடியதா என்று கேளுங்கள். வி.எம். உறைந்து நின்ற சில வினாடிகளை கிளஸ்டர் மரணமாக எடுத்துக்கொண்டிருக்கும்.

டைரக்டரியும் நெட்வொர்க்கும் பின்னிக்கொள்வதும் உண்டு. நோடு எழும்போது டொமைன் கன்ட்ரோலரைக் காணவில்லை என்றால் விண்டோஸ் தன்னைப் பொது நெட்வொர்க்கில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். டொமைன் புரொஃபைலுக்கு மட்டும் திறந்துவைத்த போர்ட்டுகள் மூடிக்கொள்ளும். கன்ட்ரோலர்கள் எல்லாவற்றையும் அதே கிளஸ்டரின் மேல் வி.எம்.களாக வைத்திருக்கும் இடங்களில் இந்தக் கூத்து அடிக்கடி நடக்கும். ஒன்றையாவது வெளியே வையுங்கள்.

லாக் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்-கிளஸ்டர்லாக் தரும் கோப்பின் நேரம் இயல்பாக யு.டி.சி. ஈவென்ட் வியூவரில் அதிகாலை 2:10 என்று இருப்பது அதில் முந்தின நாள் 20:40 என்று இருக்கும். யூஸ்லோக்கல்டைம் ஸ்விட்சைச் சேர்த்து எடுங்கள். இது தெரியாமல் ஐந்தரை மணி நேரம் தள்ளி இருக்கும் ஏதோ ஓர் எச்சரிக்கையை மூலகாரணம் என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. அவை ஒப்புதலும் பெற்றிருக்கின்றன.

இவற்றில் எதற்கும் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. கிளஸ்டர் கணக்குகளைத் தனி ஓ.யு.வில் வையுங்கள், தவறுதலாக அழிபடாமல் காக்கும் குறியை இடுங்கள். ஒவ்வொரு சி.என்.ஓ., வி.சி.ஓ.வின் விளக்கப் புலத்திலும் இது எந்தக் கிளஸ்டருடையது, யாரைக் கேட்காமல் தொடக் கூடாது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலை டைரக்டரி டீமிடமும் பாதுகாப்பு டீமிடமும் இந்த மாதப் பேட்ச் இரவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.