சிலந்தி நூலும் பட்டு நூலும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, திருவரங்கம் விளங்கும் அத்தீவகத்திலேயே, திருவானைக்கா என்னும் அப்புத்தலமும் உளது. ஆங்கு வெண்ணாவலின்கீழ் எழுந்தருளிய பெருமான்மீது சருகு உதிராவண்ணம் தன் உடலினின்று போந்த நூலால் பந்தரிட்டது ஒரு சிலந்தி. அதுவே மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழ நாயனாராய் அறுபத்துமூவருள் வைத்து எண்ணப்பட்டது என்பது பெரியபுராண வரலாறு. சிற்றுயிரும் சிவத்தொண்டுக்கு உரியதே என்பது அதனாற் பெறப்படும்.

அத்திருக்கோயிலுள் இன்று அடியார் பலர் பட்டுடுத்துப் புகுகின்றனர். பட்டு தூயது, மடிக்குரியது என்பது அவர் கொள்கை. அந்நூல் வந்த வழியை எண்ணின் அவ்வாறு கூறார். முசுக்கட்டை இலையுண்டு ஏறத்தாழ நான்கு வாரம் வளர்ந்த புழு, பின்னர் இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகின்றது. உள்ளுறையும் உயிர் அந்துப்பூச்சியாய் வெளிப்படின் கூடு துளைபட்டு நூல் அறும். ஆதலின் அதற்கு முன்னரே நீராவியாலோ வெந்நீராலோ அது கொல்லப்படுகின்றது. ஒரு பவுண்டு நூலுக்கு ஏறத்தாழ 2,500 கூடுகள் வேண்டும். பிணந்தொடின் நீராடும் மரபினர், வெந்த பிணத்தினின்று வாங்கிய நூலைத் தூயதென்றல் எங்ஙனம்?

"புழு தன் வினையால் இறந்தது, உடுத்தார்க்குப் பழி யாது?" என்பாரும் உளர். அது பொருந்தாது. இறந்த உயிர் தன் வினையை நுகர்ந்ததாயினும், கொன்றார்க்கும் கொல்வித்தார்க்கும் ஆகாமியம் ஏறுதல் ஒழியாது. வாங்குவார் இன்றேல் கொல்வாரும் இலர்.

"இறைவனே யானையுரி போர்த்தான், புலியதள் உடுத்தானன்றோ?" என்பர் வேறு சிலர். தாருகவனத்தார் கொல்ல விடுத்த கொடுமையை அடக்கிய அருட்செயல் அது. இறைவன் நஞ்சும் உண்டான். அடியார் நஞ்சுண்ணத் துணிவரோ?

"நெசவாளர் பிழைப்பு என்னாம்?" எனின், தறிக்குப் பட்டே வேண்டுமென்னும் விதியில்லை. கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுந்த செங்கடற் பயணநூல் புகழும் மெல்லிய பருத்தியாடை, திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த உறையூரினது என ஆராய்ச்சியாளர் கொள்வர். பூச்சி வெளியேறிய கூட்டினின்று நூல் நூற்கும் முறையும் இந்நாளில் வழங்குகின்றது.

மென்மயிர்த் தோலாடைக்காக விலங்கு வளர்த்துக் கொல்லுதலை இங்கிலாந்து 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கிற்று. அதனைப் போற்றும் சைவர் தம் அரையிலுள்ள பட்டை நோக்குவதிலர். அயலாரைக் காட்ட வேண்டுவதுமில்லை. திருச்சிராப்பள்ளியில் நாயக்க மன்னரிடம் அலுவல் புரிந்து பின் துறவு பூண்ட தாயுமான அடிகள் கொல்லாமையைப் பேரறமாக வற்புறுத்தினார்.

சிலந்தி தன் நூலைத் தானே அளித்தது. புழுவின் நூலோ உயிர் பறித்துக் கொள்ளப்படுவது. முன்னதை ஏற்ற பெருமான் திருமுன்னர்ப் பின்னதை உடுத்து நிற்றல் சைவர்க்குத் தகாது. வெளுத்த பருத்தியாடையும் திருநீறுமே அவர்க்கு அமைந்த கோலமாம்.

திருச்சிற்றம்பலம்.