முருகனாக்கப்பட்ட குழந்தை

நடிகை ஸ்ரீதேவி அவர்கள் 2018-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி துபாயில் காலமானார். அவரைப்பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "கடவுள் கடாட்சம் பெற்றவர், இல்லாவிட்டால் நாலு வயதில் அப்படிப்பட்ட பேர் கிடைக்குமா?" என்று சொல்லுகிறவர்கள் நம் தருமபுரி ஜில்லாவில் இன்றும் இருக்கின்றார்கள். அந்தக் கடாட்சம் இன்னதென்று சற்று யோசித்துப் பார்ப்போம்.

சிவகாசிக்குப் பக்கத்தில் மீனம்பட்டி என்னும் ஊரில் 1963-ல் பிறந்த அக்குழந்தை, நாலு வயதில் காமிரா முன் நிறுத்தப்பட்டது. 1969-ல் வந்த 'துணைவன்' படத்தில் முருகன் வேஷம் போட்டது. பெண்ணென்றால் தீட்டு என்று கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நிறுத்துகிறவர்கள், ஒரு பெண் குழந்தையின் கையில் வேலைக் கொடுத்தவுடன் சாமி என்று கும்பிட்டார்களே, இதன் இரகசியம் என்ன? பூசாரிக்கு வரும்படி என்றால் கல் சாமி. பட முதலாளிக்கு வரும்படி என்றால் குழந்தை சாமி. இவ்வளவுதானே கடாட்சம்!

நிற்க. 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்தபோது அவருக்கு வயது 13. கூட நடித்த கமல்ஹாசனுக்கு 21, ரஜினிகாந்துக்கு 25. தம்மைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவருக்கு அந்தச் சிறுமி சிற்றன்னையாக நடித்தார். அன்றைய சட்டப்படி பெண்ணின் கல்யாண வயது 15. 1978-ல்தான் அது 18 ஆக்கப்பட்டது. அதாவது, வீட்டில் தாலி கட்டினால் குற்றமாகிற வயதில் திரையில் தாலி கட்டினால் அது கலை! மறுவருஷம் வந்த '16 வயதினிலே' படத்தின் பெயரில்தான் 16 இருந்ததே தவிர, நடித்தவருக்கு 14தான்.

அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஹிந்தி என்று ஐந்து பாஷைகளில் நடித்தார். குழந்தைகளை வளர்த்தபின் 2012-ல் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தின் மூலம் திரும்பி வந்தார். 2013-ல் பத்மஸ்ரீ, 'மாம்' படத்துக்காக இறந்தபின் தேசிய விருது. இவையெல்லாம் உழைப்பின் கூலியேயன்றி எந்தச் சாமியும் போட்ட பிச்சையல்ல. ஆனால் பள்ளிக்கூட வாழ்வும் காலேஜ் வாழ்வும் தமக்குக் கிட்டாமற் போயின என்று அவரே சொல்லியிருக்கின்றார். அந்த நஷ்டத்தை எந்த விருது ஈடு செய்யும்?

"குடும்பம் பிழைக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்னும் சிறுவன் 1921-ல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்துப் பெயரெடுத்து, லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வளர்ந்து பெரியவனாகிக் கணக்குக் கேட்டபோது தாயும் மாற்றாந்தகப்பனும் கையை விரித்தார்கள். அவன் கோர்ட்டுக்குப் போனதன் பலனாகவே 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகரின் பணத்துக்குக் காவலாக ஒரு சட்டம் பிறந்தது. பெற்றவர்கள் என்பதனாலேயே கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்றால் அது பாசமா, பகற்கொள்ளையா?

நம் தேசத்திலும் 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2017-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. நடிக்கும் குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக்கூடாது. சேர்ந்தாற்போல் 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் நூற்றுக்கு 20 பங்காவது குழந்தையின் பேரில் பாங்கில் வைப்புப் போட வேண்டும். படம் பிடிக்கும் ஜில்லாவின் கலெக்டரிடம் அனுமதி வாங்கவேண்டும். ஆகவே ஒகேனக்கல்லில் குழந்தையை வைத்துப் படம் பிடிக்க வருகிறவர்களும் தருமபுரி கலெக்டருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களே. மீதி 80 பங்கு எங்கே போகிறது என்று கேட்பதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை.

இனி, நம் ஜில்லாவின் யோக்கியதையைப் பார்ப்போம். பெண் சிசுக்கொலைக்காக 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியதாயிற்று. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்யும் அக்கிரமமும் இன்னும் ஒழிந்தபாடில்லை. பெண் குழந்தை செலவு என்று தோன்றினால் கள்ளிப்பால். வரவு என்று தோன்றினால் காமிரா வெளிச்சம். ஒன்று கொலை, மற்றொன்று புகழ் என்பது வாஸ்தவமே. ஆனால் இரண்டுக்கும் வேர், குழந்தை பெற்றவரின் சொத்து என்கிற ஒரே எண்ணந்தான். அந்த எண்ணத்துக்கு விதி என்றும், அதிர்ஷ்டம் என்றும், ஆண்டவன் சித்தம் என்றும் பேர் வைத்து மூடி மறைக்கிறார்கள்.

ஆதலால் தோழர்களே! டெலிவிஷனிலோ சினிமாவிலோ நம்மூர்க் குழந்தை ஒன்று தோன்றினால், எந்தச் சாமி வேஷம் போட்டது என்று கேட்காதீர்கள். எந்த வகுப்பில் படிக்கிறது, பாங்குப் புஸ்தகம் யார் பேரில் இருக்கிறது, அதற்கு இஷ்டமில்லாத நாளில் வீட்டிலிருக்க முடிகிறதா என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் நேரான பதில் சொல்லாத தகப்பனையும் முதலாளியையும் ஊரார் கும்பிட வேண்டிய அவசியமில்லை.