பிரேக் பைப்புக்கு ஒட்டுப் போடாதீங்க!

நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் தவறாம வர்ற ஒரு ப்ராஜெக்ட் இருக்கு. பேரு 'பிரேக் ஃபெயிலியர் இண்டிகேட்டர்'. ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு சென்சார், ஒரு பஸ்ஸர். டப்பால பிரேக் ஆயில் குறைஞ்சா பீப் பீப்னு கத்தும். ரிவ்யூல எல்லாரும் தலையாட்டுவாங்க, மார்க் விழும், அப்புறம் அது ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் போயிடும். போன வருஷம் அப்படி ஒரு டீம்ல நானும் இருந்தேன். அதனால யாரையும் கிண்டல் பண்றதா நினைக்காதீங்க.

ஆனா ஒரு கேள்வி. அந்த ஆயில் ஓடுற பைப்பை நம்மில் எத்தனை பேர் கையில பிடிச்சுப் பார்த்திருக்கோம்? நான் பார்த்ததில்லை. இந்த மே மாசம் வரைக்கும்.

எங்க அம்மா ஊர் கொல்லிமலை. அங்க போகாதவங்களுக்குச் சொல்றேன்: காரவள்ளி அடிவாரத்துல ஆரம்பிச்சு சோளக்காடு போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. நீங்க பைக்ல ஆகாய கங்கை பார்க்கப் போய், ஒவ்வொரு வளைவு போர்டு பக்கத்துலயும் நின்னு ஸ்டோரி போட்டிருப்பீங்க. அதே ரோட்டுலதான் மலையில விளையுற பலா, வாழை, அன்னாசி, மிளகு, காபி, மரவள்ளின்னு எல்லாம் கீழே இறங்குது. ஏறும்போது காலி வண்டி, இறங்கும்போது முழு லோடு. பிரேக்குக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

எங்க மாமாகிட்ட ஒரு பழைய டாடா 407 இருக்கு. 1986ல அறிமுகமான மாடல். இன்னிக்கும் மலைக்காரங்களுக்கு அதுதான் செல்லம். மாமா வண்டிக்கு வயசு என்னைவிட அதிகம். நாலு பக்கமும் டிரம் பிரேக். மே மாசம் பலாப்பழ லோடோட இறங்கிட்டு இருந்தோம். பாதி வழியில ஒரு வளைவுக்கு முன்னாடி மாமா பிரேக் மிதிச்சாரு. பெடல் பாதிக்கு மேல பொசுக்குன்னு உள்ளே போயிடுச்சு. மாமா ஒரு வார்த்தை பேசலை. ரெண்டாவது கியர்ல இருந்து முதல் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இடது சக்கரத்தை மலைப்பக்க வாய்க்கால்ல இறக்கி நிறுத்தினாரு. எதிர்ல ஒரு மினி பஸ் ஏறி வந்துட்டு இருந்துச்சு. அதுக்குள்ள இருந்தவங்களுக்கு என்ன நடந்ததுன்னே தெரியாது.

இறங்கிப் பார்த்தா, பின் ஆக்சில் மேல போற பைப்ல இருந்து ஆயில் சொட்டுது. அது கம்பெனி போட்ட ஸ்டீல் பைப் இல்லை. எப்பவோ ஒரு தடவை லீக் ஆனப்ப, அடிவாரத்துல ஒரு பட்டறையில ஏசி வேலைக்கு வர்ற செம்புக் குழாயை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாங்க. நட்டுக்குப் பின்னாடி, விரிச்ச வாய் தொடங்குற இடத்துல சுத்தி விரிசல்.

செம்பு என்ன தப்பு பண்ணுச்சு? வளைக்கச் சுலபம், துருப்பிடிக்காது, முதல் நாள் அழுத்தத்தையும் தாங்கும். ஆனா லாரி அதிர்ந்துகிட்டே ஓடுற பொருள். அதிர அதிர செம்பு இறுகும், இறுகின இடத்துல விரிசல் விடும். மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல 'வொர்க் ஹார்டனிங்', 'ஃபெட்டீக்'னு ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணோமே, அதேதான். செம்போட நிக்கல் கலந்த குழாய் பிரேக்குக்குன்னே வருது, அது வேற. வெறும் செம்பு கூடாது.

இப்போ கொஞ்சம் கணக்கு. லோடோட வண்டி 5 டன்னு வச்சுக்குவோம். இறங்குற உயரத்தைக் குறைச்சே 800 மீட்டர்னு வச்சுக்குவோம். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்குங்க: சுமார் 39 மெகா ஜூல். 30 டிகிரில இருக்குற 130 லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோற வெப்பம் அது. ஒரு மணி நேரத்துல இறங்கினா, விடாம 11 கிலோவாட் ஹீட்டர் எரியுற மாதிரி. கொஞ்சம் காத்துலயும் டயர்லயும் போகும். மீதியை எங்கே போக விடணும்கிறது டிரைவர் கையில இருக்கு: என்ஜின்லயா, பிரேக் டிரம்லயா?

அதனாலதான் பழைய டிரைவருங்க "ஏறின கியர்லயே இறங்கு"ன்னு சொல்வாங்க. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவங்களும் இருக்காங்க. அவங்க அந்த 39 மெகா ஜூலையும் டிரம் தலையில கட்டுறாங்க. என்ஜினையே ஆஃப் பண்ணிட்டா இன்னும் மோசம். வேக்குவம் பம்ப்பும் நின்னுடும். பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்குவம் சில மிதியிலேயே தீர்ந்துபோய், பெடல் கல்லு மாதிரி ஆயிடும்.

பைப்புக்கு வருவோம். பாஸ்கல் விதி நமக்குத் தெரியும்: அடைச்சு வச்ச திரவத்துல ஒரு இடத்துல கொடுக்குற அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமப் போகும். அவசரத்துல அழுத்தி மிதிச்சா பிரேக் லைன்ல 70, 80 பார் வரைக்கும் சாதாரணமா ஏறும். லாரி டயர்ல இருக்குறது சுமார் 7 பார். இதுல இருந்து ஒரு விஷயம் புரியணும். அரிச்சுப்போன பைப் வண்டி ஷெட்ல சும்மா நிக்கும்போது வெடிக்காது. மெதுவா மிதிக்கும்போதும் தாக்குப்பிடிக்கும். என்னிக்கு நீங்க உயிரைக் கையில பிடிச்சுகிட்டு முழு பலத்தோட மிதிக்கிறீங்களோ, அன்னிக்குத்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அன்னிக்குத்தான் அது கிழியும். "இதுவரைக்கும் நல்லாத்தானே பிடிச்சுது"ங்கறது பிரேக் பைப் விஷயத்துல ஒரு ஆதாரமே இல்லை.

மாமா முதல்ல சொன்னது இதுதான்: "பின்னாடி ஒண்ணுதானே போயிருக்கு மாப்ள. அதை மட்டும் மாத்திட்டுக் கிளம்பலாம், பழம் பழுத்துரும்." அவர் கவலை நியாயம். சீசன்ல ஒருநாள் வண்டி நின்னா வாடகையும் போகும், பழமும் போகும். அப்போ மெக்கானிக் அண்ணன் பேசாம ஒரு கம்பி பிரஷ்ஷை என் கையில கொடுத்து, "தம்பி, சேஸிஸ் ஓரமா போற பைப்பைத் தேய்ச்சுப் பாருங்க"ன்னாரு. பார்க்கிறதுக்குக் கறுப்புப் பெயிண்ட்டோட புதுசு மாதிரி இருந்துச்சு. கிளிப் பிடிச்சிருந்த இடத்துல தேய்ச்சதும் பெயிண்ட் பொருக்கா உதிர்ந்துச்சு. கீழே பள்ளம் பள்ளமா துரு. கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவுல சேறும் ஈரமும் தங்கி, வருஷக்கணக்கா அரிச்சிருக்கு. "எல்லாம் ஒரே நாள்ல மாட்டின பைப்புங்க. ஒண்ணு போச்சுன்னா மத்தது எல்லாம் வரிசையில நிக்குதுன்னு அர்த்தம்"னாரு. மாமா கொஞ்ச நேரம் அந்தப் பைப்பையே பார்த்துட்டு, பழத்தை வேற வண்டிக்கு மாத்தி அனுப்பச் சொல்லிட்டாரு.

அந்தக் கறுப்புப் பெயிண்ட் கதையையும் சொல்லணும். 8 வருஷம் தாண்டின லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். எஃப்.சி.க்கு முந்தின வாரம் வண்டிக்கு அடியில எல்லாத்துக்கும் ஒரு கோட் பெயிண்ட் அடிக்கிறது வழக்கம். பைப்புக்கும் சேர்த்து. துரு மறைஞ்சுடும், ஆனா போகாது. பேப்பர்ல வண்டி ஃபிட், கிளிப்புக்கு அடியில இல்லை.

அந்த ஒன்றரை நாள் நான் எடுபிடி. பிராக்டிகல் லேப்ல ஒரு செமஸ்டர்ல கத்துக்காததை அங்க கத்துக்கிட்டேன். சிலதை உங்களுக்கும் சொல்றேன்.

பழைய நட்டை ஓப்பன் ஸ்பேனர் போட்டுத் திருகினா முனை மழுங்கிடும். அதுக்குன்னே நட்டைச் சுத்திப் பிடிக்கிற ஸ்பேனர் இருக்கு. முதல் நாள் ராத்திரியே துரு விடுற எண்ணெய் அடிச்சு ஊறவிடணும். கழட்டின பழைய பைப்பைத் தூக்கிப் போடக்கூடாது. புதுசை வளைக்க அதுதான் அளவு. ஹேக்ஸா வச்சு அறுத்தா பிசிறு உள்ளே போகும், டியூப் கட்டர்லதான் வெட்டணும். வாயை விரிக்கிறதுக்கு முன்னாடி நட்டை உள்ளே போடணும். நான் முதல் பைப்ல இதை மறந்துட்டு அழகா விரிச்சு வச்சேன்; அண்ணன் சிரிச்சுகிட்டே அதை வெட்டிப் போட்டாரு.

விரிக்கிறதுலயும் சிங்கிள் ஃப்ளேர், டபுள் ஃப்ளேர்னு ரெண்டு உண்டு. டபுள்ல விளிம்பை உள்பக்கமா மடிச்சு, ரெண்டு அடுக்கா ஆக்கி அழுத்துவாங்க. மெல்லிசான ஸ்டீல் குழாய் சிங்கிள்ல விரிசல் விடும், அதனால பிரேக்குக்கு டபுள்தான். அங்க கசிவைத் தடுக்கிறது உலோகத்து மேல உலோகம் உட்கார்றது மட்டும்தான். அதுக்கு மேல பிளம்பர் சுத்துற வெள்ளை டேப்பைச் சுத்தினா ஒரு பிரயோஜனமும் இல்லை. துணுக்கு உள்ளே போய் அடைச்சா ஆபத்து.

மூணு ரப்பர் ஹோஸும் மாத்தினோம். ரப்பர் வெளியே நல்லாத் தெரியும், உள்ளே ஊதிப்போய் அடைச்சிருக்கும்; மிதிச்சா ஆயில் போகும், விட்டா திரும்பாது, அந்தச் சக்கரம் பிடிச்சபடியே சூடேறும்.

கடைசியா ஆயில். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவுகோல் 140 டிகிரிக்கு இறங்கிடுது. கொல்லிமலை மாதிரி மூடுபனியும் மழையும் உள்ள ஊர்ல, மாத்தாம வச்ச ஆயில் எவ்வளவு குடிச்சிருக்கும்னு யோசிங்க. ஆயில் கொதிச்சா ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பைப் எல்லாம் புதுசா இருந்தாலும் பெடல் பஞ்சு மாதிரி போகும். அதனால பழைய ஆயிலை முழுசா வெளியேத்தி, தூரமா இருக்கிற சக்கரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா காத்து எடுத்தோம். "மிதி... பிடி... விடு"ன்னு கீழே இருந்து குரல் வர, மேல நான் மிதிச்சேன். கால் மரத்துப்போச்சு. கடைசில பெடல் மேலேயே கல்லு மாதிரி நின்னப்ப வந்த சந்தோஷம், எந்த ரிவ்யூலயும் வந்ததில்லை.

நீங்க கேட்கப்போற கேள்விகள் தெரியும்.

"ரெண்டு சர்க்யூட் தனித்தனியாத்தானே இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்குமே?" பிடிக்கும். அன்னிக்கு எங்களைக் காப்பாத்துனதுல அதுக்கும் பங்கு உண்டு. ஆனா அது வண்டியை ஒரு தடவை நிறுத்தத்தான், மீதி வளைவெல்லாம் இறங்குறதுக்கு இல்லை. அந்த இன்னொரு சர்க்யூட் பைப்புக்கும் அதே வயசுதான்.

"இவ்வளவு பழைய வண்டியை ஸ்கிராப்ல போட வேண்டியதுதானே?" சொல்லச் சுலபம். மாமா மாதிரி ஒத்தை வண்டிக்காரங்களுக்குப் புது வண்டின்னா பல வருஷத்துக்கு டியூ. முழு செட் பைப், ஹோஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ரெண்டு லோடு வாடகைக்குள்ள. பழைய வண்டி ஓடுறது ஆபத்து இல்லைங்க. பழைய பைப்போட ஓடுறதுதான் ஆபத்து.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நாம ஏன்?" இதுதான் என்னை உறுத்துற கேள்வி. இந்தியாவுல எந்த ஹைவேல நின்னாலும் நாமக்கல் வண்டி ஒண்ணு கண்ணுல படும். பாடி கட்டுறதுக்கும் டேங்கருக்கும் பேர் போன மாவட்டம். அதுக்குப் பக்கத்துலயே நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு, ஒரு டபுள் ஃப்ளேர் போடத் தெரியாம நாம வெளியே போறோம். அந்த அண்ணனுக்கு 'வொர்க் ஹார்டனிங்'னு பேர் தெரியாது. ஆனா செம்பு ஏன் உடைஞ்சதுன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. எனக்குப் பேர் மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு.

அதனால ரெண்டு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, நம்ம ஒர்க்‌ஷாப் லேப்ல ஒரே ஒரு மதியம் ஒதுக்கட்டும். ஒவ்வொருத்தரும் ஒரு துண்டு ஸ்டீல் பைப்பை வெட்டி, விரிச்சு, மாட்டி, அழுத்தம் கொடுத்து கசியுதான்னு பார்க்கணும். கசிஞ்சா மறுபடியும். பெரிய செலவு இல்லை. ரெண்டு, அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்பை ஆடி 18 வல்வில் ஓரி விழாக் கூட்டம் மலைக்கு ஏறுறதுக்கு முன்னாடி வச்சு, டார்ச்சும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துகிட்டு அங்க இருக்கிற பழைய வண்டிங்களுக்கு அடியில பார்ப்போம். ரிப்பேர் பண்ண வேண்டாம், நமக்கு அந்தத் தகுதி இன்னும் வரலை. எந்தக் கிளிப்புக்கு அடியில துரு இருக்குன்னு ஓனர்கிட்ட காட்டினாப் போதும். தேய்ச்சுக் காட்டினதும் எங்க மாமா மனசு மாறினாரு, மத்தவங்களும் மாறுவாங்க.

பஸ்ஸர் ப்ராஜெக்ட் பண்றவங்க தாராளமாப் பண்ணுங்க. ஆனா அது கத்தும்போது ஆயில் ஏற்கெனவே ரோட்டுல இருக்கும்.

இன்னிக்கு ஹாஸ்டலுக்குப் போனதும் உங்க பைக்கோட ஹேண்டில்பார்ல இருக்குற பிரேக் ஆயில் டப்பாவைக் கொஞ்சம் பாருங்க. டீ டிக்காஷன் கலர்ல இருந்தா, அடுத்த கொல்லிமலை ட்ரிப்புக்கு முன்னாடி மாத்திடுங்க.