தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

“மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் 355 கிலோமீற்றர் செல்ல எடுக்கும் நேரம் யாது?” கணித பாடத்தில் இவ்வினா வந்தால் தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏறத்தாழ 43 நிமிடம் என எழுதி முழுப் புள்ளியும் பெற்றுவிடுவோம். ஆனால் வாழ்க்கையில் இவ்விடை சரியாகுமா? சற்றுச் சிந்திப்போம்.

பலாலிக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இவ்வழியில் பறந்த ஏ.டி.ஆர். 72 விமானத்தின் வேகமும் ஏறத்தாழ மேற்கூறியதே. எனினும், பயணத்திற்கு ஒன்றரை மணி நேரம் வரை ஒதுக்கினார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மெல்ல மேலெழவும், வேகம் குறைத்து இறங்கவும் நேரம் வேண்டுமல்லவா? விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரமோ அதைவிட அதிகம்!

இவை தவிர்க்க முடியாதவை. மனிதரால் கூடிய நேரமும் உண்டு. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பிற்காலத்தில் பலாலியிலிருந்து அச்சேவை நின்றது. 1983இல் போரும் மூண்டது. வடக்கே செல்ல வேண்டிய யாழ்ப்பாணத்தார் முதலில் தெற்கே செல்ல வேண்டியவராயினர். பாதை திறந்திருந்த காலத்திலும் கட்டுநாயக்கா வரை தரைவழியே 350 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து சென்னைக்கு வான்வழியே ஏறத்தாழ 645 கிலோமீற்றர். கடலும் விரியவில்லை, கரையும் விலகவில்லை. ஆயினும் தூரம் மூன்று மடங்காயிற்று!

2009இல் போர் முடிந்தும் பத்து ஆண்டுகள் காத்திருந்தோம். 2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பர் 11இல் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, 2022 டிசெம்பர் 12இல்தான் மீண்டும் வந்தது.

“விமானம் வசதி படைத்தவர்க்குத்தானே?” எனச் சிலர் கேட்கலாம். சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியையும், அக்கரையில் அகதியாய் வாழும் மகளைக் காணத் துடிக்கும் முதிய தாயையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு பகல் மிச்சமாவது ஆடம்பரமன்று. ஆகவே, இத்தகைய பாதைகள் இனி ஒருபோதும் மூடப்படலாகாது என்பதே எமது கருத்து.

பாதையைத் திறப்பது அரசுகளின் கடமை. நமது கடமை யாது? நல்ல சமாரியன் உவமையில் குருவும் லேவியனும் காயமுற்றவனின் அருகேதான் சென்றனர். ஆயினும் விலகிப் போயினர். சமாரியனே நெருங்கி வந்தான். நம் வகுப்பிலும் அடுத்த வாங்கில் இருக்கும் தோழிக்கும் நமக்கும் இடையே இரண்டடி தூரமே. அவளுடன் கோபித்துப் பேசாமல் ஒரு தவணையையே கழித்துவிடுகிறோமே! அத்தூரத்தைக் கடக்க விமானம் வேண்டாம். ஒரு நிமிடமும் நல்ல மனமும் போதும். தோழியரே, அதை இன்றே கடப்போமாக!